லென்னி புரூஸ் புத்தகமும் ஓர் ஆடி மாதத்து ஜோக்கும்

ஜூலை 14, 2024, மாலை

ஒரு கேள்வி. சின்ன வயதில் செத்துப்போன நகைச்சுவைக்காரர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்களில் ஒருத்தருக்காவது ஏன் சிரிப்பு வருகிற மாதிரி எழுதத் தெரியவில்லை?

இன்று காலை திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் லென்னி புரூஸ் என்ற அமெரிக்க மேடை நகைச்சுவைக்காரரைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. முன்னட்டை இல்லை, எழுதியவர் பெயர் இருந்த பக்கமும் போய்விட்டது. நூற்றைம்பது சொன்னார், எண்பதுக்குக் கொடுத்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் இருநூறு பக்கம் ஓட்டிவிட்டேன், ஒரு இடத்தில்கூட உதடு பிரியவில்லை. எங்கே சுற்றினாலும் போதை ஊசியில்தான் வந்து நிற்கிறார்கள். பையன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான் என்று சொன்னால்கூட அதிலேயே எமன் உட்கார்ந்திருக்கிற மாதிரி எழுதுகிறார்கள். பிறந்ததிலிருந்து கதை சொல்வதில்லை, பிணத்திலிருந்து ரிவர்ஸ் கியரில் வருகிறார்கள்.

அவ்வளவு அழ வைக்கிற ஆளைப் பார்க்கவா அந்தக் காலத்தில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள்?

ஜூலை 14, இரவு

யார் இந்த ஆள் என்று இந்த இழையில் ரெண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1925இல் நியூயார்க் பக்கம் மினியோலாவில் பிறந்தவர், சொந்தப் பெயர் லியனார்ட் ஆல்ஃபிரட் ஷ்னைடர். அம்மா சாலி மாரும் மேடையில் சிரிக்க வைத்தவர்தான். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தார், திரும்பி வந்து மிமிக்ரி. ஆமாம், ஆரம்பம் மிமிக்ரிதான்: ஒரு ஜெர்மன்காரன் ஹாலிவுட் நடிகர்களைப் போலப் பேசிக்காட்டினால் எப்படி இருக்கும், அதுதான் ஐட்டம். அப்புறம் ஸ்ட்ரிப் கிளப்புகளில் ஆட்டத்துக்கு நடுவே பேசி, யாரும் கவனிக்காத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று கற்றுக்கொண்டார். மதம், போலீஸ், இனவெறி, படுக்கையறை, எதையும் விடவில்லை. 1961 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஆபாசப் பேச்சு என்று முதல் கைது. அதற்கப்புறம் ஊர் ஊராகக் கைது. 1964இல் நியூயார்க்கில் நாலு மாசம் ஜெயில். 1966 ஆகஸ்ட் 3, வீட்டுக் குளியலறையில் மார்ஃபின் அதிகமாகிச் செத்தார். வயது 40.

இதுதான் கதை. இதில் எங்காவது சிரித்தீர்களா? நானும் அந்தப் புத்தகக்காரர் மாதிரியே எழுதிவிட்டேன் பாருங்கள்.

ஜூலை 16

ஒரு திருத்தம். மேலே 'நாலு மாசம் ஜெயில்' என்று போட்டது தப்பு. தண்டனை நாலு மாசம், 1964 டிசம்பரில் கொடுத்தார்கள். ஆனால் ஜாமீனில் வெளியே இருந்தார், அப்பீல் முடிவதற்குள் ஆள் போய்விட்டார். உள்ளே போய் அந்த நாலு மாசத்தைக் கழிக்கவே இல்லை. அவரோடு சேர்ந்து தண்டனை வாங்கிய கிளப் முதலாளி அப்பீலில் ஜெயித்து வெளியே வந்துவிட்டார். புரூஸ் பெயரில் மட்டும் அந்தத் தீர்ப்பு அப்படியே கிடந்து, 2003 டிசம்பரில் நியூயார்க் கவர்னர் ஜார்ஜ் படாகி மன்னிப்பு கொடுத்தார். செத்தவருக்கு அந்த மாநிலத்தில் கொடுத்த முதல் மன்னிப்பு. 37 வருஷம் கழித்து. நம்ம ஊர் பட்டா மாறுதலே பரவாயில்லை.

ஜூலை 16, ராத்திரி ரொம்ப லேட்

தூக்கம் வரவில்லை, அந்த வழக்குப் பகுதியைப் படித்து முடித்தேன். புத்தகத்திலேயே உயிரோடு இருக்கிற இடம் இதுதான்.

நியூயார்க் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 'கஃபே ஓ கோ கோ' என்று ஒரு சின்ன இடம். 1964 மார்ச் கடைசியில் அங்கே லைசென்ஸ் துறை இன்ஸ்பெக்டர் ஒருத்தர், ஹெர்பர்ட் ரூ என்று பெயர், பார்வையாளர் மாதிரி உட்கார்ந்து குறிப்பு எடுத்திருக்கிறார். சில நாளில் கைது. வழக்கு வந்ததும் அந்த இன்ஸ்பெக்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, தன் குறிப்பைப் பார்த்து லென்னியின் பேச்சை நீதிபதிகளுக்குச் சொல்லிக்காட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் மேடையில் அங்கேயும் இங்கேயும் ஓடி, குரல் மாற்றி, பாதியில் விட்டு, திரும்ப எடுத்து, ஜாஸ் வாசிக்கிற மாதிரி பேசினதை, அரசாங்கச் சம்பளத்துக்காரர் ஒருத்தர் ரேஷன் கார்டில் பெயர் படிக்கிற குரலில் துண்டு துண்டாகப் படிக்கிறார். கெட்ட வார்த்தை எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஜோக்கு மட்டும் இல்லை. லென்னி அங்கேயே உட்கார்ந்து தவித்திருக்கிறார். அவருக்கு ஆபாசம் என்ற குற்றச்சாட்டைவிட, இந்த ஆளின் டைமிங்கை வைத்துத் தன்னை எடை போடப்போகிறார்களே என்பதுதான் பெரிய வேதனை.

மூன்று நீதிபதிகள், ஜூரி கிடையாது. இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு, குற்றவாளி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் புத்தகத்தை எழுதியவரும் அந்த இன்ஸ்பெக்டர்தான். மேடைப் பேச்சைப் பக்கம் பக்கமாக அச்சில் போட்டிருக்கிறார், பக்கத்திலேயே எத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. என் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 17

இன்று ஆடி ஒன்று. தெருமுனை அம்மன் கோயிலில் காலை ஐந்தரைக்கே குழாய் ஸ்பீக்கர். ஒழுங்காக எழுத முடியவில்லை.

'நம்ம ஊரிலும் அந்த மாதிரி சட்டம் இருக்கிறதா' என்று கேட்டவருக்கு: இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி) தெரியாதவர் சென்னையில் உண்டா? பொது இடத்தில் ஆபாச வார்த்தை, மூன்று மாசம் வரை. பைக்கை வாசலில் நிறுத்தியதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினாலும் எஃப்.ஐ.ஆரில் முதலில் விழுவது அதுதான். இந்த மாசம் ஒன்றாம் தேதியிலிருந்து புதுச் சட்டம் வந்துவிட்டது, நம்பர் 296 ஆகிவிட்டது. வார்த்தைகள் பழையதுதான்.

ஜூலை 19

'அமெரிக்காக்காரன் எதற்கு, நம்ம சந்திரபாபு இல்லையா' என்று ஒருத்தர் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயம்.

ஜே.பி.சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். சான்ஸ் கிடைக்காமல் ஜெமினி ஸ்டூடியோவில் மயில்துத்தம் குடித்தவர். தற்கொலை முயற்சி, 309ஆம் பிரிவு, கோர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கையில் சுட்டுக்கொண்டு, நான் சுட்டதுதான் உங்களுக்குத் தெரியும், வலி எனக்குத்தானே தெரியும் என்கிற மாதிரி கேட்டார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. அவரைப் பற்றி யார் எழுதினாலும் அந்தத் தீக்குச்சியை எடுக்காமல் இருக்க மாட்டார்கள். கல்யாணம் உடைந்தது, சொந்தப் படம் பாதியில் நின்றது, குடி, 1974இல் 46 வயதில் சாவு. வரிசை மாறாது. பாட்டு நடுவில் குரலை உடைத்து ஏற்றி இறக்குகிற அந்த யோடலிங்கை எங்கே கற்றார், விழுவதற்கு முன்னால் உடம்பை எப்படித் தளர்த்திக்கொள்வார், இதை எழுத யாருக்கும் நேரமில்லை. விழுந்து காட்டுவது லேசான வேலையா?

(அந்த 309உம் இந்த மாசத்தோடு போய்விட்டது. அரசு ஊழியரை மிரட்டுவதற்காகத் தற்கொலைக்கு முயன்றால்தான் இப்போது குற்றம்.)

கலைவாணர் என்.எஸ்.கே.யும் கூண்டில் நின்றவர்தான். பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, 1944 கடைசியில் கைது, 1947இல் விடுதலை. வெளியே வந்து சிறைக்குப் போய்வந்ததையே பாட்டாக்கிச் சிரிக்க வைத்தார். 48 வயதில் போய்விட்டார், ஆனால் அவர் கதையை யாரும் சாவிலிருந்து ஆரம்பிப்பதில்லை, கொடுத்துக் கொடுத்துக் கை ஓட்டையான மனுஷன் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஏன் இவருக்கு மட்டும் அப்படி என்று தெரியவில்லை, யோசிக்க வேண்டும்.

ஜூலை 21

யோசித்தேன். லென்னி கடைசி வருஷங்களில் என்ன செய்தார் தெரியுமா, மேடையில் நின்று தன் வழக்கின் சாட்சிய நகலைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். சட்டப் புத்தகம், தீர்ப்பு, எந்த நீதிபதி எங்கே தப்பு செய்தார் என்று. வக்கீல்களைத் துரத்திவிட்டுத் தானே வாதாடினார். 1965இல் திவால். சிரிக்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். இன்ஸ்பெக்டர் செய்த வேலையை அவரே தனக்குச் செய்துகொண்டார், இதை எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது. மார்ஃபின் 1966இல் கொன்றது சரி, மேடை அதற்கு ரெண்டு வருஷம் முன்பே போய்விட்டது.

எம்.ஆர்.ராதாவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1954இல் சென்னை மாநிலத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததே அவர் நாடகங்களை மனதில் வைத்துத்தான். ஸ்கிரிப்டை முன்கூட்டியே காட்ட வேண்டும், அப்புறம் அதை விட்டு நகரக் கூடாது. நகராமல் இருக்கிற ஆளா அவர்? அன்றைய பேப்பரில் என்ன வந்ததோ அது அன்று ராத்திரி மேடையில் வந்துவிடும். கைது, மறுபடி மேடை, கைது, மறுபடி மேடை. 1967இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் உள்ளே போய் வந்த பிறகும் மேடை ஏறினார். 1979இல் எழுபது தாண்டித்தான் செத்தார். அவர் போலீஸை ஜோக்குக்குள் இழுத்துப் போட்டார், லென்னி ஜோக்கைக் கோர்ட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

இந்தக் கடைசி வரி கொஞ்சம் பட்டிமன்ற வாடை அடிக்கிறது. இருக்கட்டும்.

ஜூலை 24

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்தப் புத்தகத்தை எண்பது ரூபாய் கொடுத்து வாங்கியதற்குக் காரணம் லென்னி இல்லை, என் நண்பன்.

நான் பத்து வருஷம் ஒரு மெல்லிசை ட்ரூப்பில் டோலக் வாசித்தேன். ஆடியில் வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டை என்று தினம் ஒரு தெரு. ஆர்கன்காரர் அடுத்த பாட்டுக்கு டோன் மாற்றுகிற இடைவெளியில் பேச ஒரு மிமிக்ரி ஆள் வேண்டும், அதுதான் இவன். பாட்டை விட இவன் பேசுவதற்குத்தான் கூட்டம். மைக்கின் தலையில் ஒரு கர்ச்சீப்பை ரெண்டு சுற்று சுற்றிக் கட்டிக்கொள்வான், காற்று அடிக்காமல் இருக்க என்பான். உண்மையில் மைக் வாடை பிடிக்காது. 2009இல் கல்லீரல் போய்ச் செத்தான். 36 வயது. குடிதான், வேறென்ன.

2003 ஆடி. ஊரே தண்ணீர் இல்லாமல் கிடந்த வருஷம், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காக ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்போம். ஒரு தெருவில் கச்சேரி, அந்தப் பகுதிப் பெரிய மனிதர் ஒருத்தர் உபயம். நடுவில் இவன் அவரை வைத்து ஒரு ஜோக் விட்டான். தெருவே குலுங்கியது. அவர் மட்டும் எழுந்து போனார். பத்து மணிக்கு மைக் அணைந்ததும் போலீஸ் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் இவன் ஜிகினா சட்டையோடு, மூஞ்சியில் ரோஸ் பவுடரோடு ஓரமாக நின்றான். ஏட்டு டீ குடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "என்னாய்யா பேசினான், நீ சொல்லு" என்றார். நான் பயத்தில், "கவுன்சிலர் தண்ணி விடலைன்னு சொன்னான் சார்" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. ஜோக் புகார் மனு ஆகிவிட்டது. ஏட்டு முகம் மாறியது. அப்போது ஓரத்திலிருந்து இவன், "டேய், அப்படி இல்லடா, நடுவுல கேப் வுடணும்டா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே, கை கட்டி நின்றபடியே, ஒழுங்காகச் சொல்லிக்காட்டினான். ஏட்டுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. ரிஜிஸ்டர் மேலெல்லாம் டீ. போங்கடா என்று விட்டுவிட்டார்.

இருபது வருஷமாக இது எனக்குச் சிரிப்புக் கதை. அந்தச் சாட்சிக் கூண்டுப் பகுதியைப் படித்த பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் நான்தான்.

ஜூலை 25

ஜோக்கைச் சொல் என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். மேலே படித்தீர்களே, நான் சொன்னால் என்ன ஆகும் என்று.

'36இல் செத்தவனுக்குக் குடியும் ஜோக்கும் ஒரே இடத்திலிருந்துதானே வந்திருக்கும்' என்று கேட்டவருக்கு: தெரிந்த வரையில் சொல்கிறேன், குடித்த நாளில் அவன் ஜோக் சுமார். டைமிங் போய்விடும். அவனே சொல்வான். ட்ரூப்பில் எல்லாரும்தான் குடித்தார்கள், டோலக்காரன் உட்பட, அதில் யாருக்கும் ஜோக் வரவில்லை.

ஜூலை 28

இந்த இழையை எங்கள் பழைய ஆர்கன்காரர் படித்திருக்கிறார். இப்போது அம்பத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார், நேற்று ராத்திரி போன். எடுத்ததும், "ஏம்ப்பா, நீ எங்க ஸ்டேஷன் உள்ள வந்த?"

நான் வந்தேனே என்றேன். "நீ வாசல்ல டோலக்கைக் கட்டிப் பிடிச்சிக்கினு நின்ன. ஏட்டு கேட்டது என்னை. சொன்னது நான்."

டீ? டீயே இல்லையாம். கரண்ட் இல்லாமல் மெழுகுவத்தி வைத்திருந்தார்களாம். ஏட்டு சிரிக்கவும் இல்லை. இவன் நடுவில் வாயைத் திறந்து கேப் விடணும் என்றானே, அது உண்மை. அதற்குக் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அரை மணி நேரம் நிற்க வைத்து, இனிமேல் இந்தப் பகுதியில் நிகழ்ச்சி செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லையாம்.

அப்படியென்றால் எனக்கு எப்படி அந்த டீ ஞாபகம் இருக்கிறது? ஆர்கன்காரரே சொன்னார். அடுத்த ஆடியில் பெரம்பூர் மேடையில் இவன் அதையே ஐட்டமாகச் செய்ய ஆரம்பித்தான். டீயைச் சேர்த்தான், மூக்கைச் சேர்த்தான். ஆர்கன்காரரை எடுத்துவிட்டு என்னைப் போட்டான், பயந்து நடுங்குகிற டோலக்காரன் என்றால் கூட்டம் இன்னும் சிரிக்கும். நடுங்குகிற இடத்தில் நான் பின்னாலிருந்து டோலக்கில் தடதடவென்று ஒரு உருட்டு உருட்ட வேண்டும். ஐந்து வருஷம் உருட்டியிருக்கிறேன். உருட்டி உருட்டி உள்ளே போய் நின்றவன் ஆகிவிட்டேன்.

ஆக, 24ஆம் தேதி நான் எழுதியது அவன் வாழ்க்கை இல்லை, அவன் ஐட்டம். அழிக்கலாமா என்று பார்த்தேன், கிடக்கட்டும். அந்தத் தடிப் புத்தகத்திலும் இப்படி எத்தனை டீ இருக்குமோ. லென்னியைப் பற்றிக் கதை சொன்னவர்களும் கிளப்பில் வேலை பார்த்தவர்கள்தானே, அவரே எழுதிய தன்வரலாறும் பாதி மேடைப் பேச்சு மாதிரிதான் ஓடும். புத்தகக்காரரை இன்ஸ்பெக்டர் என்று திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியேதான்.

ஜூலை 30

லென்னியின் நியூயார்க் கார்னகி ஹால் ஒலிப்பதிவைக் கேட்டேன், 1961 பிப்ரவரி 4, நள்ளிரவு. ஊரே பனியில் புதைந்து வண்டி ஓடாத ராத்திரி, ஆனாலும் ஹால் நிறைந்துவிட்டது. முதல் தடவை கேட்டபோது பாதி புரியவில்லை, அந்தக் கால அமெரிக்கச் செய்திகள், அவ்வளவு வேகம். ரெண்டாவது தடவை வார்த்தைகளை விட்டுவிட்டுக் கூட்டத்தை மட்டும் கேட்டேன். எங்கே நிறுத்துகிறார், எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், எந்த மூலையிலிருந்து முதல் சிரிப்பு வருகிறது என்று டோலக் கேட்கிற மாதிரி. அப்போது சிரித்துவிட்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 3

இன்று லென்னி செத்த நாள். புத்தகத்தை முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயம் எதிர்பார்த்ததுதான்: குளியலறைத் தரையில் கிடந்த உடம்பைப் படமெடுக்க போலீஸ்காரர்களே போட்டோக்காரர்களை உள்ளே விட்டார்கள். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆடிப்பெருக்கு, பக்கத்து வீட்டில் சித்ரான்னம் கொடுத்தார்கள். புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன்.

ஆர்கன்காரர் மறுபடி பேசினார். ஜோக்கைப் போடு, நீயும் போய்ட்டா யாருக்குத் தெரியும் என்றார். ரெண்டு பேரும் போனிலேயே அரை மணி நேரம் சண்டை போட்டு வார்த்தைகளைச் சரி பார்த்தோம். 'ஊத்தின' என்பதா 'குடுத்த' என்பதா என்பதில் இன்னும் தகராறு. நான் 'ஊத்தின' கட்சி.

பெரிய மனிதர் முன் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். கூழ் அவர் உபயம், கழுநீர் மாதிரி இருந்தது, எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. இவன் கர்ச்சீப் கட்டிய மைக்கை எடுத்து, ரொம்ப மரியாதையாக:

"இன்னிக்கு அண்ணன் ஊத்தின கூழு தண்ணியா இருந்துச்சுன்னு சில பேரு பேசிக்கிறாங்க. தப்பு. அப்படிப் பேசக் கூடாது ... நம்ம தெருவுக்குத் தண்ணி வந்ததே இன்னிக்குத்தான்."

நடுவில் மூன்று புள்ளி வைத்திருக்கிறேன். அவன் விட்டது அதைவிட நீளம்.